சித்திரபுத்திரனாரின் தாடி

நான் ஒன்றரை வருடம் ஒரு தாடிக்கு வேலை செய்தேன். மத்திய லண்டனில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறையில், நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலம். சீனப் புராணக் கதை ஒன்றை வைத்து எடுத்த கார்ட்டூன் படம் அது. அலுவலகத்தில் கார்ட்டூன் என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள், அனிமேஷன் என்று சொல்லவேண்டும். வீட்டில் அனிமேஷன் என்று சொன்னால் அப்பாவுக்கு விளங்காது. ஆகவே இரண்டு இடத்திலும் படம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

படத்தில் எமலோகம் வருகிறது. அங்கே ஒரு கிழட்டு எழுத்தர், சாகவேண்டியவர்களின் பெயர்களை ஒரு பெரிய கொப்பியில் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வரைக்கும் வெள்ளைத் தாடி. குனிந்து எழுதும்போது தாடியின் நுனி மையில் தொட்டு நனைந்து ஒட்டிக்கொள்ளும். அவர் தலையைத் திருப்பினால் நனைந்த முடி ஒரு மாதிரியும் காய்ந்த முடி இன்னொரு மாதிரியும் ஆடவேண்டும். அந்த ஆட்டம்தான் என் வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவேன். தாடி என்று சொன்னால் இரக்கப்படுகிறார்கள், எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்பா மட்டும் இரக்கப்படவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"பெயர் போடுவினமோ?"

"ஓம் அப்பா. கடைசியிலை எல்லாற்றை பெயரும் வரும்."

"முழுப் பெயரோ?"

"முழுப் பெயர்தான்."

அவர் ஏன் முழுப் பெயரைக் கேட்டார் என்பதை விளக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனின் பெயர்தான் பிள்ளையோடு வரும். இந்த நாட்டுப் படிவங்கள் அதை வாங்கிக் கடைசிக் கட்டத்துக்குள் போட்டுவிட்டன. ஆகவே எனக்கும் அம்மாவுக்கும் கடைசிப் பெயர் அப்பாவின் சொந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டார்கள். டொக்டரிடம் போனால் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் மூன்று பேர் எழும்புவோம். திரையில் என் முழுப் பெயர் வந்தால் அதில் பாதி அவருடையது.

அப்பா இந்த நாட்டுக்கு வந்தது இன்னொருவரின் பாஸ்போர்ட்டில். வந்து இறங்கியதும் உண்மையைச் சொல்லி அகதியாகப் பதிந்தார். ஆனாலும் பேப்பர் கிடைக்கும்வரை ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் வேறு ஒரு ஆளின் பெயரில்தான் வேலை செய்தார். நெஞ்சில் அந்த ஆளின் பெயர் எழுதிய பட்டி. ஆறு வருடம் அந்தப் பெயருக்குத்தான் 'ஓம்' சொன்னார். இன்றைக்கும் யாராவது தெருவில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பிறகு சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. கிடைத்த பெயர் கவுன்சில் கடிதத்தில் வந்தது, தண்ணீர் பில்லில் வந்தது. வேறெங்கும் வரவில்லை. எங்கள் வழக்கப்படி அது அழகாக அச்சில் வரக்கூடிய ஒரே இடம் மகளின் கலியாணக் கார்ட். நான் கலியாணம் செய்யவில்லை. செய்கிற எண்ணமும் இல்லை. அந்த வழியை நான் அடைத்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் மற்றவர்களின் கார்டுகள் வந்தால் விரலால் தடவிப் பார்ப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பத்திக்கொண்டு வரும்.

படம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது, பெப்ரவரித் தொடக்கத்தில், அப்பாவுக்கு இருதய ஒபரேஷன். ஒரு கிழமையில் வீட்டுக்கு விடுவோம் என்றார்கள். காய்ச்சல் பிடித்து ஐந்து கிழமை இருந்தார். அம்மா இங்கிலீஷில் 'தாங்க்யூ'வுக்கு அப்பால் போகமாட்டா. யாராவது பக்கத்தில் நிற்கவேண்டும், வீட்டில் 'யாராவது' என்றால் அது நான் ஒருத்திதான். அலுவலகத்தில் என் மேலாளர் நல்ல மனுஷி. இரண்டு கிழமை லீவு தந்தா. மூன்றாம் கிழமை தன்மையாகக் கேட்டா. நான்காம் கிழமை அந்தத் தன்மை கொஞ்சம் குறைந்தது. ஆஸ்பத்திரிக் கன்டீனில் இருந்து, இனி வரமாட்டேன் என்று எழுதிப்போட்டேன். மேலே போய் அப்பாவிடம், "வேலை முடிஞ்சுது அப்பா" என்றேன். மூக்கில் குழாயோடு தலையாட்டினார். நேரத்துக்கு முதலே முடித்துவிட்டோம் என்பதில் அவருக்குத் திருப்தி.

ஒக்டோபரில் படம் வெளிவர ஒரு மாதம் இருக்கும்போது, எதற்கும் கேட்டுவைப்போம் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். புதிதாகச் சேர்ந்த வேலைக்குப் போகும் வழியில், பிக்கடில்லி லைன் ரயிலில் பதில் வந்தது. கடைசிக் கட்டம் வரை வேலையில் இருந்தவர்களின் பெயர்கள் மட்டுமே படத்தில் இடம்பெறும், இது எங்கள் நடைமுறை, உங்கள் பங்களிப்புக்கு மனமார்ந்த நன்றி. அந்த 'மனமார்ந்த'வை மட்டும் எடுத்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பருப்பு கழுவிக்கொண்டிருந்தா.

"கொப்பாட்டைச் சொல்லிப்போடு."

"ஏன் எண்டு கேப்பார்."

"அதையும் சொல்லு."

"நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."

"என்னாலை ஏலாது."

அவ்வளவுதான் எங்கள் ஆலோசனைக் கூட்டம். பெயர் வராது என்று சொல்வது பெரிய காரியமில்லை. ஏன் வராது என்று சொல்வதுதான் பெரிய காரியம். ஆஸ்பத்திரியால் வந்த நாளில் இருந்து அப்பா எங்கள் எல்லோருக்கும் கரைச்சல் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நேர்ஸிடம் சொன்னார், தபால்காரரிடமும் சொன்னார். அவருடைய பெயர் திரையில் வராமல் போனதற்கு அவருடைய நெஞ்சே காரணம் என்பதை எந்த வாயால் சொல்வது?

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் ஆட்கள் எந்தப் படத்திலும் கடைசி எழுத்து ஓடும்வரை இருந்ததில்லை. வில்லன் விழும்போதே குளிர்ச்சட்டையைப் போட்டுவிடுவார்கள், கார் பார்க்கில் நெரிசலுக்கு முதல் வெளியேற வேண்டும். அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் வருவார்கள் என்றும், எப்படியாவது நேரத்துக்கு எழுப்பிக்கொண்டு போய்விடலாம் என்றும் கணக்குப் போட்டேன்.

அப்பா முப்பத்தேழு டிக்கெட் எடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை படம் வருகிறது. முதல் காட்சி பதினொன்று இருபதுக்கு. கலண்டரைப் பார்த்தார், ராகுகாலம். இரண்டு பத்துக் காட்சிக்கு மாற்றினார். பள்ளிக்கூட நாளில் பின்னேரம் இரண்டு பத்துக்குச் சின்னப் பிள்ளைகளின் படத்துக்கு யார் வருவார்கள்? பென்ஷன் எடுப்பவர்கள்தான். அப்பாவோடு பெற்றோல் ஸ்டேஷனில் நின்றவர்கள், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவர்கள், அவர்களின் மனைவிமார், எங்கள் மாமி. மாமி அப்பாவின் தங்கை, எந்தக் கூட்டத்திலும் மூன்று பேரின் சத்தம் போடக்கூடியவ. எல்லோருக்கும் அப்பா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: "படம் முடிஞ்சாப்போலை ஒருத்தரும் எழும்பப்படாது. கடைசி எழுத்து முடியுமட்டும் இருக்கவேணும். அதிலைதான் விஷயம் இருக்கு."

அதோடு விடவில்லை. முதல்நாள் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலில் அர்ச்சனை. யாருடைய பெயரில் என்று ஐயர் கேட்டார். படத்தின் பெயரில் என்றார் அப்பா. ஐயர் அசரவில்லை, இந்த ஊரில் வீட்டுக்கடன் விண்ணப்பத்துக்கே அர்ச்சனை செய்தவர். நட்சத்திரம் என்ன என்றார். வெளிவரும் நாளின் நட்சத்திரத்தை அப்பா பார்த்து வைத்திருந்தார். படத்தின் இங்கிலீஷ் பெயரை ஐயர் சமஸ்கிருதத்துக்கு நடுவில் வைத்து மூன்று தரம் சொன்னார். நான் பக்கத்தில் கைகூப்பி நின்றேன். அம்மனிடம் நான் கேட்டது தியேட்டரில் கரண்ட் போகவேண்டும் என்பது.

கரண்ட் போகவில்லை. ஹவுன்ஸ்லோ தியேட்டர் வாசலில் டிக்கெட் பார்த்த பெண் முப்பத்தேழு பேரையும் ஏறஇறங்கப் பார்த்தாள். "இது குழந்தைகள் படம், தெரியும்தானே?" என்று இங்கிலீஷில் கேட்டாள். "ஓம், என்ரை குழந்தையின்ரை படம்" என்று அப்பா தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் கோட்டும் டையும் கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை என்றபடியால் மாமியின் கைப்பைக்குள் மரக்கறி ரோல்ஸும் வடையும் மட்டும் இருந்தன. வெளிச் சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று எழுதியிருந்த பலகையின் கீழ் நின்றுதான் மாமி பையைத் திறந்து எண்ணிப் பார்த்தா.

படம் தொடங்கியது. மலைக் கிராமத்தில் ஒரு சிறுமி. அவளுடைய தகப்பனின் பெயரை எமலோக எழுத்தர் கொப்பியில் நேரத்துக்கு முதலே எழுதிவிடுகிறார். அதை அழிப்பதற்காக அவள் ஒரு ட்ராகனின் முதுகில் ஏறிக் கீழ் உலகத்துக்குப் போகிறாள். எங்கள் ஆட்களுக்குப் பத்து நிமிடம் எதுவும் பிடிபடவில்லை. ட்ராகன் பாம்பா, முதலையா என்று ஒரு வழக்கு நடந்தது. எழுத்தர் தாடியோடு வந்து கொப்பியை விரித்ததும் மாமி நிமிர்ந்தா.

"இது எங்கடை சித்திரபுத்திரனார்!"

வரிசை முழுக்க 'ஓம், ஓம்' என்று சத்தம் போனது. யாழ்ப்பாணத்தில் சித்திரைப் பறுவத்துக்கு, பௌர்ணமி நாளில், கோவிலில் கூடியிருந்து சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி குடித்த சனம். எமனுக்குக் கணக்கு எழுதுபவரை அவர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

"எங்கடை ஆளுக்குத் தாடி இல்லையே" என்றார் ஒருவர்.

"சீனாவிலை குளிர்" என்றா மாமி.

அதற்குப் பிறகு படம் அவர்களுடையதாகிவிட்டது. ஆற்றுப் பாலத்தடியில் ஒரு கிழவி, செத்து வருகிறவர்களுக்கெல்லாம் கோப்பையில் ஏதோ ஊற்றிக் கொடுத்தாள். குடித்தால் பிறவியில் நடந்ததெல்லாம் மறந்துபோகும். "பாருங்கோ, கஞ்சியும் குடுக்கினம்" என்று மாமி தன் கட்சியை நிரூபித்தா. "எனக்கு ரெண்டு கோப்பை" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அது யார் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மறக்க நிறைய இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா எனக்குப் பக்கத்தில் முன்னுக்குச் சாய்ந்து இருந்தார். எழுத்தர் குனிந்தபோது தாடி மையில் தொட்டது. நனைந்த நுனி காகிதத்தில் ஒரு கோடு இழுத்தது. தலையைத் திருப்ப, காய்ந்த முடி முதலில் போய், நனைந்தது பிந்திப் போனது. நான் விட்டுவிட்டு வந்த பிறகு யாரோ முடித்திருக்கிறார்கள், ஆனாலும் அந்தப் பிந்தல் என்னுடையது. எனக்குத் தெரியும்.

"உதோ?" என்றார் அப்பா மெதுவாக.

"ஓம்."

"உண்மையான தாடி மாதிரிக் கிடக்கு."

என் தொழிலைப் பற்றி எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் பெரியது. அழுகை வந்தது. வடையைக் கடித்துக்கொண்டேன்.

சிறுமி கொப்பியில் தகப்பனின் பெயரைக் கைச்சட்டையால் துடைத்து அழித்தாள். மேலே வந்தாள். ட்ராகன் பறந்துபோனது. படம் முடிந்தது. தியேட்டரில் எங்களோடு இருந்த ஐந்தாறு வெள்ளைக்காரர் எழும்பிப் போனார்கள். எங்கள் முப்பத்தேழு பேரில் ஒருவர்கூட அசையவில்லை. எல்லோரும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்கள். அப்பா எழும்பி நின்று, முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

பெயர்கள் ஓடத் தொடங்கின. சின்ன எழுத்து, பெரிய கூட்டம். சீனப் பெயர்கள், ஸ்பானியப் பெயர்கள். திடீரென்று ஒரு முருகன் பெயர் வந்தது, பின்னால் இன்னொன்று, பின்னால் ஒரு முழுப் பந்தி. வேலையின் ஒரு பகுதியைச் சென்னைக்குக் கொடுத்திருந்தார்கள், அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கடைசிவரை இருந்திருக்கிறார்கள். "எங்கடை ஆக்கள் வரத் தொடங்கியிட்டினம்!" என்று யாரோ கத்தினார். அப்பாவின் கை கதிரையை இறுக்கியது. ஒவ்வொரு வரியாக உதடு அசைய வாசித்தார். நான் இருந்த முடிப் பகுதி வந்தது. போனது. படக்காரருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் போனார்கள். ஓட்டுநர்கள் போனார்கள். கடைசியில், இந்தப் படம் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில் வேலையாட்களுக்குப் பிறந்த குழந்தைகள் என்று ஒரு பட்டியல் வந்தது. அப்படிப் போடுவது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்.

"பிறந்த பிள்ளையளுக்குக்கூடப் போட்டிருக்கினம்" என்று மாமி மெச்சினா.

லைட் போட்டார்கள். கூட்டுகிற பெண் வாளியும் தும்புத்தடியுமாக வாசலில் வந்து நின்றாள். அப்பா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெதியா ஓடிப்போட்டுது. நான் விட்டிட்டன்" என்றார்.

"நான் கண்டனான் அண்ணை" என்றா மாமி. மாமி கண்டிருக்க வழியில்லை. ஆனால் சொன்னா. உடனே இன்னும் இரண்டு பேர் தாங்களும் கண்டதாகச் சொன்னார்கள். நடுவில் வந்தது என்றார் ஒருவர், வலப்பக்கம் என்றார் மற்றவர். நல்ல மனுஷர். அப்படியே விட்டிருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்பா என்னிடம் திரும்பினார். "அப்ப நாளைக்கு ஒரு டிக்கெட் எடு பிள்ளை. எனக்கு மட்டும். முன்னுக்கு இருந்து பாக்கிறன். நாளைக்கும் விட்டிட்டன் எண்டால் ஞாயிற்றுக்கிழமை."

அவர் வருவார். கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, அந்தப் படம் தியேட்டரை விட்டுப் போகும்வரை ஒவ்வொரு நாளும் முன் வரிசையில் இருந்து, தன் கண்ணைக் குறைசொல்லிக்கொண்டு வருவார்.

"அதிலை என்ரை பெயர் இல்லை அப்பா" என்றேன்.

"கொம்மாமி கண்டவவாம்."

"இல்லை. முடியமுந்தி வேலையை விட்டிட்டன். அப்பிடி விட்ட ஆக்களுக்குப் போடமாட்டினம்."

"எப்ப விட்டனீ?"

அம்மா தன் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினா. அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குக் கணக்கு எப்போதும் சுறுக்கு.

"பெப்ரவரியோ?"

"ஓம்."

அப்பாவின் முகம் சிவந்தது. கவலைப்படுவார் என்று நான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"ஆர் உன்னை விடச் சொன்னது? நான் கேட்டனானோ? நேர்ஸ்மார் நிண்டவை, கொம்மா நிண்டவ. பக்கத்திலை இருந்து நீ என்ன செய்தனீ? ஒண்டரை வருஷம் செய்த வேலையை உனக்கென்ன விசரோ விடுறதுக்கு?"

எனக்கும் அவருடைய கோபம்தான். அது மட்டும் படிவத்தில் எழுதாமலே வந்தது.

"நீங்கள் செத்திருந்தால்?" என்று கத்தினேன்.

"செத்தால் செத்ததுதான்! என்ரை பெயர் அதிலை வந்திருக்கும்!"

"வந்திருக்கும்! நான் பாத்திருக்கமாட்டன்! அம்மா பாத்திருக்கமாட்டா! இவ்வளவு பேரும் முப்பத்தொராம் நாள் அந்திரட்டிக்கு வந்து சாப்பிட்டிட்டுப் போயிருப்பினம்! ஆர் பாக்கிறதுக்கு அப்பா அந்தப் பெயர்?"

கூட்டுகிற பெண் வாளியைக் கீழே வைத்தாள்.

அப்பா கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் டையைப் பிடித்துத் தளர்த்திக்கொண்டிருந்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், அடுத்ததையும் கழற்றினார். நெஞ்சின் நடுவால் கீழே இறங்கிய தழும்பு இன்னமும் சிவப்பாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் அதை ஒருவருக்கும் காட்டியதில்லை. மாமி கேட்டும் காட்டவில்லை.

பின்வரிசையைப் பார்த்துத் திரும்பி, சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுக்காக விட்டவளாம்" என்று முறைப்பாடு சொல்கிற குரலில் சொன்னார். பின்னால் இருந்த ஒருவர் தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். அப்பா எழும்பி நின்று காட்டினார்.